கூரைமேல் கம்பிவலை: தொலைக்காட்சியின் 1975



தொலைக்காட்சி வரலாற்றில் ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு பேசும்படி இதழியல் துறைத்தலைவர் கேட்டுக்கொண்டார். இந்தியத் தொலைக்காட்சி என்றதும் பலரும் 1982-ஐச் சொல்வார்கள். வண்ணம் வந்த ஆண்டு அது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை வீட்டில் உட்கார்ந்து பார்த்த ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருக்கள் வெறிச்சோடிய ராமாயணத்தை நினைப்பவர்கள் 1987 என்பார்கள். தமிழ்நாட்டில் 1993 என்று சொல்பவர்களும் உண்டு. சன் டிவி தொடங்கியது அந்த ஆண்டில்தான். இந்த மூன்று ஆண்டுகளுக்கும் உரிய பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நான் பேச வந்திருப்பது 1975 பற்றி. வண்ணம் இல்லாத, தொடர்கள் இல்லாத, நட்சத்திரங்கள் இல்லாத ஆண்டு அது. இந்த நாட்டில் தொலைக்காட்சி யாருக்காக என்ற கேள்வி மிகத் தெளிவாக எழுந்த ஆண்டும், அந்தக் கேள்வியின் வாய் அடைக்கப்பட்ட ஆண்டும் அதுவே. இரண்டும் சில வார இடைவெளியில் நடந்தன.

அந்த ஆண்டு பிறந்தபோது இந்தியாவில் டெல்லி, பம்பாய், ஸ்ரீநகர், அமிர்தசரஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஊர்களில்தான் தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன. டெல்லியில் 1959-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஒளிபரப்பு பம்பாய்க்கு வந்து சேரவே 13 ஆண்டுகள் பிடித்தன. தொலைக்காட்சி அப்போது தனி நிறுவனமாகக்கூட இல்லை. அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியது. டெல்லியைச் சுற்றிய 80 சிற்றூர்களில் 1967 முதல் 'கிருஷி தர்ஷன்' என்ற உழவர் நிகழ்ச்சியைக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். சிற்றூருக்கும் தொலைக்காட்சிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அந்த நிலையில் இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடி விக்ரம் சாராபாய் எண்ணியதை இன்று படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. தொலைக்காட்சி முதலில் பெருநகரத்துக்கு வரும், பிறகு சிறுநகரத்துக்கு, கடைசியாகச் சிற்றூருக்கு என்ற வழக்கமான வரிசையை அவர் தலைகீழாகப் புரட்டினார். சாலை போகாத, மின்சாரம் எட்டாத ஊர்களுக்குத்தான் தொலைக்காட்சி முதலில் போக வேண்டும் என்றார். ஊர் ஊராகக் கோபுரம் எழுப்பிக்கொண்டு போனால் பல பத்தாண்டுகள் ஆகும். வானிலிருந்து நேரே இறக்கினால் நாடு முழுவதற்கும் ஒரே நாளில் இறக்கலாம் என்பது அவர் கணக்கு. 1969 செப்டம்பரில் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் இதற்காக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1971 டிசம்பரில் கோவளத்தில் சாராபாய் காலமானார். விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. சதீஷ் தவான் தலைமையேற்ற இஸ்ரோவில், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த யஷ்பாலும், திட்டத்தை நடத்திய ஏக்நாத் சிட்னிஸும், அவர்களோடு உழைத்த இளம் பொறியாளர்களும் அதை நடத்திக்காட்டினார்கள். செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்பது அதன் முழுப் பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'சைட்' என்றே எல்லோரும் அழைத்தார்கள்.

இதன் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இந்தத் திட்டத்தின் அரசியல் அதற்குள்தான் இருக்கிறது. அந்நாளைய செயற்கைக்கோள்கள் அனுப்பிய அலைகள் மிக மெலிந்தவை. அவற்றைப் பிடிக்கத் தரையில் பல மாடி உயரத்துக்கு ஏற்புக்கலம் வேண்டும். அது அரசுகளிடமும் பெருநிறுவனங்களிடமும் மட்டுமே இருக்கக்கூடியது. 1974 மே 30 அன்று ஏவப்பட்ட நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் இதை மாற்றியது. விண்ணுக்குப் போனதும் குடைபோல விரிந்த 30 அடி விட்டமுள்ள ஏற்புக்கலத்தை அது சுமந்திருந்தது. பெரிய கருவி மேலே போய்விட்டதால் கீழே சிறியது போதும் என்றாயிற்று. 10 அடி விட்டத்துக்குக் கோழிக்கூண்டுக் கம்பிவலையை வளைத்து ஒரு டிஷ், ஹைதராபாத்தில் அரசு நிறுவனமான இசிஐஎல் செய்துகொடுத்த தொலைக்காட்சிப் பெட்டி, அதோடு அலையை மாற்றித்தரும் ஒரு சிறு கருவி. இவ்வளவே ஒரு சிற்றூர் வானத்தோடு நேரே பேசப் போதுமானவையாக இருந்தன. வீட்டுக்கூரையில் டிஷ் வைத்து நேரடியாகச் செயற்கைக்கோளைப் பார்ப்பது இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. அதை உலகத்தில் இத்தனை பெரிய அளவில் முதன்முதலாகச் செய்தவர்கள் ஒடிசாவிலும் பீகாரிலும் இருந்த உழவர் குடும்பங்கள். நம் பாடநூல்களில் இந்த வரி ஏன் இல்லை என்று நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். இந்த மேடையிலும் கேட்கிறேன்.

அமெரிக்காவுக்கு மேலே நின்றிருந்த அந்தச் செயற்கைக்கோளை 1975-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்து இந்தியாவும் அதன் பார்வைக்குள் வந்தது. வந்த கையோடு ஜூலையில் அமெரிக்க அப்போலோவும் சோவியத் சோயூஸும் விண்ணில் கைகோத்தபோது அதற்கான தகவல் தொடர்புக்கும் அது உதவியது. ஆகஸ்டு 1 அன்று இந்தியச் சிற்றூர்களுக்கான ஒளிபரப்பு தொடங்கியது.

ஆறு மாநிலங்கள்: ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். ஊர்கள் 2,400. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் ஊருக்கு. தெலுங்கு, கன்னடம், ஒரியா, இந்தி என நான்கு மொழிகள். ஒரே படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இருந்ததால், ஒரே காட்சியை ஓர் ஊர் ஒரு மொழியிலும் இன்னோர் ஊர் வேறு மொழியிலும் கேட்க முடிந்தது. பெட்டியைப் பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடத்தில்தான் வைத்தார்கள். தனியார் வீட்டில் வைத்திருந்தால் யார் வாசலைத் தாண்டலாம், யார் தாண்டக்கூடாது என்ற சாதிக்கணக்கு உடனே புகுந்திருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரமே இல்லாத ஊர்களில் பேட்டரியில் பெட்டி ஓடியது. ஒவ்வோர் ஊரிலும் நேரத்துக்குப் பெட்டியைத் திறந்து போடவும் பூட்டவும் ஒருவர் பொறுப்பேற்றார். பழுது பார்க்கும் குழுக்கள் மண்சாலைகளில் ஜீப்பில் போய்வந்தன. ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிற நாம் அந்த ஜீப்புகளைப் பற்றியும் பேச வேண்டும். ஓராண்டு முழுவதும் பெரும்பாலான பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்ததற்கு அவைதான் காரணம்.

நிகழ்ச்சிகளைத் தயாரிக்க டெல்லி, கட்டாக், ஹைதராபாத் ஆகிய மூன்று இடங்களில் வானொலித் துறை நிலையங்களை அமைத்தது. பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோவே பம்பாயில் தயாரித்தது. விண்வெளி நிறுவனம் ஒன்று குழந்தைகளுக்கு நிகழ்ச்சி தயாரித்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆசிரியர் ஒருவரே இருப்பார், அறிவியல் கருவி என்று பள்ளியில் எதுவும் இருக்காது. இதையெல்லாம் மனதில் வைத்து, ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்துபார்க்கக்கூடிய அறிவியலை அவர்கள் காட்டினார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வியிலிருந்து அறிவியலைத் தொடங்கும் இந்த வழியை யஷ்பால் தம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1990களில் தூர்தர்ஷனில் 'டர்னிங் பாயின்ட்' நிகழ்ச்சியில் மக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவர் விடை சொன்னதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1993-இல் பள்ளிப் பிள்ளைகளின் சுமை குறித்து அவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆசிரியர்களையும் அவர்கள் மறக்கவில்லை. விடுமுறை நாள்களில் அதே செயற்கைக்கோள் வழியாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி நடந்தது. தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட பாடங்கள், செய்முறை, நேரில் வந்து உதவும் வழிகாட்டிகள் என எல்லாம் சேர்ந்த பயிற்சி. ஓராண்டில் சுமார் 50,000 ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். என்னைக் கேட்டால் சைட் திட்டத்தின் மிகச் சிறந்த நிகழ்ச்சி இதுதான். திரையில் வந்ததோடு எதுவும் முடிந்துவிடவில்லை. கேட்டதைக் கையால் செய்து பார்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

இந்தத் திட்டம் தன்னைத் தானே சோதித்துக்கொண்ட விதம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. மானுடவியல் படித்த ஆய்வாளர்களைச் சில ஊர்களில் பல மாதங்கள் தங்கவைத்தார்கள். ஒளிபரப்பு தொடங்கும் முன்பே போய், நடக்கும்போது இருந்து, முடிந்த பிறகும் அவர்கள் கவனித்தார்கள். தொடக்கத்தில் புதுமைக்காக ஊரே திரண்டது. போகப் போகக் கூட்டம் குறைந்தது. பிள்ளைகள் மட்டும் விடாமல் வந்தார்கள். உடல்நலம், குடும்பநலம் பற்றிய அறிவு பெண்களிடமும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. வேளாண்மையில் சொல்லும்படி மாற்றம் இல்லை. விதையும் உரமும் கடனும் கையில் இல்லாதவனுக்குத் திரையில் தெரியும் வயல் என்ன செய்யும்? பள்ளியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை, பாதியில் நிற்பதும் குறையவில்லை. ஆனால் பிள்ளைகளின் மொழித்திறனும், வேறு வழிகளில் தேடித் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் வளர்ந்தன. வெற்றி பெறாத இடங்களையும் மறைக்காமல் எழுதிவைத்த அந்த அறிக்கைகளை ஊடகம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வாசிக்க வேண்டும். பார்வையாளர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிற்கும் இன்றைய கணக்கு முறைக்கு முன்னால் வைத்துப் பார்த்தால், மனிதரோடு தங்கி மனிதரைப் புரிந்துகொள்ள முயன்ற அந்த உழைப்பின் உயரம் தெரியும்.

தொலைக்காட்சி யாருக்காக என்ற கேள்வியின் வாய் அடைக்கப்பட்ட கதைக்கு இப்போது வருகிறேன். ஆகஸ்டு 1-க்கு ஐந்து வாரங்களுக்கு முன், ஜூன் 25 நள்ளிரவில், இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது. அன்றிரவே டெல்லியில் நாளிதழ் அலுவலகங்கள் இருந்த பகுதியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறுநாள் காலை பிரதமர் இந்திரா காந்தி அதை நாட்டுக்கு அறிவித்தது வானொலியில். சில நாள்களுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் வேறு துறைக்கு மாற்றப்பட்டு, வி.சி. சுக்லா அந்த இடத்துக்கு வந்தார். நாளிதழ்களுக்குத் தணிக்கை அதிகாரி வேண்டியிருந்தது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அந்தத் தேவைகூட எழவில்லை. அவை ஏற்கெனவே அரசின் கையில் இருந்தன. செப்டம்பரில் வானொலி நிலைய இயக்குநர்களின் மாநாட்டில் பேசிய பிரதமர், இது அரசின் அமைப்பு, அரசின் கருத்தைத்தான் சொல்ல வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். 1977-இல் வந்த புதிய அரசு, ஊடகங்கள் எப்படித் தவறாகப் பயன்படுத்தப்பட்டன என்று ஒரு வெள்ளை அறிக்கையே வெளியிட நேர்ந்தது.

ஆக, இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் ஏழைக்காகவே திட்டமிட்ட ஒளிபரப்பு நடந்த அதே 12 மாதங்கள், அந்த ஏழை வாய்திறந்து எதிர்த்துப் பேசினால் விசாரணையின்றிச் சிறை வைக்கக்கூடிய மாதங்களாகவும் இருந்தன. இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தின் பெருமை ஒலித்த நாட்டில்தான் அந்தக் கம்பிவலைகள் அலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. இதை வைத்துச் சைட் திட்டமே நெருக்கடி நிலையின் பிரசாரம் என்று சிலர் ஒரேயடியாக ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. 1969-இல் ஒப்பந்தமான திட்டம் அது. அதன் அறிவியலாளர்கள் நேர்மையானவர்கள். இன்னும் சிலர் அறிவியல் சாதனையை மட்டும் கொண்டாடிவிட்டு, அது நடந்த காலத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அதுவும் நியாயமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த அமைப்பில் இருந்த ஓட்டை புலப்படுகிறது. வானிலிருந்து அலை கீழே வந்தது. ஊரிலிருந்து மேலே போக வழி ஏதும் இல்லை. டெல்லியிலும் பிற நிலையங்களிலும் இருந்தவர்கள் எது தேவை என்று முடிவு செய்தார்கள். அவர்கள் பேசிய செந்தரமான மொழி, பார்த்தவர்களின் வீட்டுமொழியிலிருந்து பல இடங்களில் விலகியே இருந்தது. நல்லெண்ணம் உள்ளவர்கள் பேசும்போது ஒருவழிப் பாதையின் ஆபத்து தெரிவதில்லை. அதே பாதை வேறு கைக்குப் போகும்போது தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சைட் திட்டத்தின் ஆறு மாநிலங்களில் நாம் இல்லை. நமக்குத் தொலைக்காட்சி வேறு வழியில் வந்தது. ஆகஸ்டு 9 அன்று கல்கத்தா, ஆகஸ்டு 15 அன்று சென்னை, நவம்பர் 27 அன்று லக்னோ என அந்த ஆண்டில் அடுத்தடுத்து நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னையில் அது கோபுரத்திலிருந்து வந்த நகரத் தொலைக்காட்சி. கோபுரத்துக்கு எட்டும் தொலைவில் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது; உரிமக் கட்டணம் கட்டி, அஞ்சலகத்தில் புதுப்பித்து, மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தொலைக்காட்சி. மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் அது வெறும் செய்தி. பின்வந்த ஆண்டுகளில் 'வயலும் வாழ்வும்' வந்தது, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தது, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன 'எதிரொலி' வந்தது. டிவி இருந்த வீட்டுக்கூடத்தில் தெருவே உட்கார்ந்த வெள்ளிக்கிழமைகளை இங்கே பலரும் வாழ்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்தச் சென்னை நிலையம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். அப்போது தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்தது திராவிட முன்னேற்றக் கழகம். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாளே அதன் செயற்குழு அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. வடக்கே தேடப்பட்ட தலைவர்கள் சிலருக்குத் தமிழ்நாடு புகலிடமாக இருந்த மாதங்கள் அவை. அப்படிப்பட்ட மாநிலத்தின் தலைநகரில், டெல்லி அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் ஒரு தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. ஐந்தரை மாதங்களில், 1976 ஜனவரி 31 அன்று, மு. கருணாநிதி தலைமையிலான அந்த அரசு கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம், தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு எந்தப் பொறுப்பும் சொல்லத் தேவையில்லாத நிலையமாகவே பிறந்தது. தமிழில் தனியார் தொலைக்காட்சி வந்தபோது அதை அரசியல் இயக்கங்கள் ஏன் அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டன என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் 1990களில் தொடங்குகிறார்கள். 1975-இல் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. தன் குரலுக்கு இடமில்லாத ஊடகத்தைப் பார்த்து வளர்ந்த அரசியல், வாய்ப்பு வந்ததும் தனக்கென்று ஓர் ஊடகத்தைக் கட்டிக்கொண்டது. அதனால் விளைந்த நன்மை தீமைகளை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

சைட் சோதனையின் ஓர் இழை கடல் கடந்து இலங்கைக்கும் போனது. செயற்கைக்கோள் வழித் தகவல் தொடர்பு பற்றி 1945-லேயே எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் வாழ்ந்துவந்தார். இந்தியப் பொறியாளர்கள் அவர் வீட்டுக்குப் போய் ஓர் ஏற்புக்கலத்தை நிறுவிக்கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே 1979-இல்தான் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்த வீட்டில் இந்தியச் சிற்றூர்களுக்கான நிகழ்ச்சி ஓடியது. தாம் தாளில் எழுதிய ஒன்று ஏழை நாட்டின் ஏழை ஊர்களில் நனவானதைக் கண்டு அந்த மனிதர் எழுதியும் பேசியும் மகிழ்ந்தார்.

உலகத்தின் மற்ற இடங்களில் அந்த ஆண்டு நடந்தவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானில் சோனி பீட்டாமேக்ஸ் வீடியோ பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது; பிரிட்டனில் 'ஃபால்டி டவர்ஸ்' நகைச்சுவைத் தொடர் தொடங்கியது; அமெரிக்காவில் அக்டோபரில் தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' இன்றும் ஓடுகிறது. இவையெல்லாம் பெரிய நிகழ்வுகளே. ஆனால் நம் கதையோடு நேரே மோதுவது செப்டம்பர் 30 இரவு. மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையை எச்பிஓ நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக ஃபுளோரிடாவிலும் மிசிசிப்பியிலும் இருந்த கேபிள் நிலையங்களுக்கு அனுப்பியது. கட்டணம் கட்டிய வீடுகளுக்கு மட்டும் அது போனது. இன்றைய கேபிள் தொழிலும் கட்டணத் தொலைக்காட்சியும் அந்த இரவில் பிறந்தவை என்று அமெரிக்கர்கள் வரலாறு எழுதுகிறார்கள்.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வையுங்கள். ஆகஸ்டு 1, செப்டம்பர் 30. இரண்டே மாதம். ஒன்றில் 2,400 ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல். மற்றொன்றில் பணம் கட்டியவர்களுக்குக் குத்துச்சண்டை. குத்துச்சண்டை மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. அலி ஆடிய ஆட்டம் ஒரு கலை. செயற்கைக்கோளை வைத்துத் தொலைக்காட்சியை எப்படி நடத்துவது என்பதற்கு அந்த ஆண்டு உலகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன என்பதுதான் என் கருத்து. முதல் வழியைக் கண்டவர்கள் நாம். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1991-இல் வளைகுடாப் போர்க்காட்சிகளோடும் ஸ்டார் டிவியோடும் நம் தெருக்களில் கேபிள் கம்பிகள் ஓடத் தொடங்கியபோது நாம் போனது இரண்டாம் வழியில். நம்மிடம் வேறொரு வழி இருந்தது என்ற நினைவே அப்போது யாரிடமும் இல்லை.

சைட் ஒளிபரப்பின் ஓராண்டு முடிந்தது. 1976 ஜூலை 31 அன்று ஒளிபரப்பு நின்றது. ஒப்பந்தப்படி ஏடிஎஸ்-6 மறுபடி அமெரிக்காவின் பக்கம் நகர்ந்தது. இடையில் 1976 ஜனவரி 1 முதல் தொலைக்காட்சியில் வணிக விளம்பரம் வந்துவிட்டது. ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பாயிற்று. சைட் ஊர்களில் ஒரு பகுதிக்காவது தொடர்ந்து ஒளிபரப்பு கிடைக்கட்டும் என்று ஜெய்ப்பூர், ராய்ப்பூர், முசாபர்பூர், சம்பல்பூர், ஹைதராபாத், குல்பர்கா ஆகிய இடங்களில் தரைநிலையங்கள் வந்தன. மற்ற ஊர்களில் கம்பிவலைகள் பிடிக்க அலை ஏதும் இல்லாமல் நின்றன.

ஆனால் ஓர் இடத்தில் அந்த ஆண்டு முடியவில்லை. அதே 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற சிற்றூரில் இஸ்ரோ ஒரு சிறிய ஒளிபரப்பியை நிறுவியிருந்தது. பால் கூட்டுறவுக்குப் பெயர்பெற்ற ஆனந்த் நகரம் அப்போது இருந்த மாவட்டம் அது. சுற்றியிருந்த சுமார் 400 ஊர்களில், பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களிலேயே பெட்டிகளை வைத்தார்கள். காலையும் மாலையும் பால் ஊற்ற எல்லாச் சாதியாரும் வந்துபோகும் இடம். டெல்லி நிகழ்ச்சிகளோடு உள்ளூர் நிகழ்ச்சிகளும் அங்கே ஓடின. இங்கே தயாரிப்பாளர்கள் ஊருக்குப் போனார்கள், ஊரின் பேச்சுமொழியிலேயே எழுதினார்கள், ஊர்க்காரர்களையே நடிக்கவைத்தார்கள். கூலித்தொழிலாளிக்குச் சட்டம் சொன்ன கூலி கிடைக்காதது, தீண்டாமை, வரதட்சிணை, குடிப்பழக்கம் எல்லாம் நாடகங்களாகத் திரைக்கு வந்தன. நிலம் வைத்திருந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது இனிக்கவில்லை என்பதே அதன் தரத்துக்குச் சான்று. எழுதி முடித்ததை மக்களிடம் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தும் பழக்கம் இருந்தது. சைட் திட்டத்தில் இல்லாமல் போன மேல்நோக்கிய வழி இங்கே ஓரளவு திறந்தது. 1984-இல் யுனெஸ்கோ கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான தன் பரிசைக் கேடா திட்டத்துக்கு அளித்தது.

அதே 1984-இல் 'ஹம் லோக்' தொடர் தொடங்கியது, நாடெங்கும் ஒளிபரப்பிகள் நாளுக்கு நாள் பெருகின, தேசிய நிகழ்ச்சி என்ற பெயரில் டெல்லியின் இரவு எல்லா மாநிலங்களின் இரவாகவும் ஆனது. பரிசு பெற்ற முறையை நாடு முழுவதும் விரிக்க வேண்டிய தருணத்தில், நாடு முழுவதும் விரிந்தது கோபுரங்களின் எண்ணிக்கை. கேடாவைப் போல நூறு மாவட்டங்களில் சிறு நிலையங்கள் வந்திருந்தால், அதில் ஒன்று தஞ்சையிலும் ஒன்று தருமபுரியிலும் இருந்திருந்தால், நம் தொலைக்காட்சியின் மொழியே வேறாக இருந்திருக்கும். இதை ஏக்கத்தோடுதான் சொல்கிறேன். சட்டத்தின் பக்கமும் தாமதமே. இதழாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-இல் தன்னாட்சி ஒலிபரப்பு அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. அப்படி ஓர் அமைப்புக்கான பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. நெருக்கடி நிலை கற்பித்த பாடத்துக்குச் சட்ட வடிவம் கொடுக்க இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். அதற்குள் பார்வையாளர்கள் வேறு அலைவரிசைகளுக்குப் போய்விட்டார்கள்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். 1975-இல் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை இருந்த அந்தப் பிள்ளைகள் இன்று ஐம்பதுகளின் நடுவிலும் அறுபதுகளிலும் இருப்பார்கள். அவர்களின் ஊர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. கர்நாடகத்தில் ராய்ச்சூர், பீஜப்பூர், குல்பர்கா மாவட்டங்கள். அந்நாளைய ஆந்திரத்தில் கர்நூல், மகபூப்நகர், மேடக் மாவட்டங்கள். சென்னையிலிருந்து ரயிலில் ராய்ச்சூர்ப் பக்கம் போய்ச் சேரலாம். அறிக்கைகளில் எண்ணிக்கைகளாக இருப்பவர்களை நேரில் பார்த்துப் பேசிப் பதிவு செய்யுங்கள். பெட்டி எந்தக் கட்டடத்தில் இருந்தது, யார் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்று பார்த்தார்கள், பெண்கள் எந்த நேரத்தில் வர முடிந்தது, எந்த நிகழ்ச்சியைப் பற்றி மறுநாள் ஊரில் பேசினார்கள், எதை நம்பவில்லை என்றெல்லாம் கேளுங்கள். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களில் அந்தப் பயிற்சிக்குப் போனவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும், ஆகவே அவர்களிடம் முதலில் போங்கள். தெலுங்கும் கன்னடமும் தெரிந்த மாணவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று பேராசிரியர் சொன்னார். வரும் கல்வியாண்டின் களப்பணிக்கு இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று துறைத்தலைவரை இந்த அவையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.